பனியில் நடக்கும் பூச்சிகள்

சென்ற தை மாதம், நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்று முடிந்து அனைவரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில் ஒரு சிறு சர்ச்சை எழுந்தது. கட்கியில் வாழும் நம் அன்பர் ஒருவரின் மகன் இராணுவத்தில் பணி புரிகிறார். லடாக்கின் மலைக் காவலிலிருந்து விடுமுறை பெற்று, முதல்நாள்தான் ஜீலம் எக்ஸ்பிரஸில் வந்திறங்கியிருந்தார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு பனியைப் பற்றிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டனர். அவரும் சலியாமல் விடையளித்து வந்தார். அப்போது, "பனிப்பாறையின் மேல் கறுப்பாக ஒரு பூச்சி போவதை என் கண்ணாலேயே பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

பெரியவர்கள் நகைத்தோம். "தம்பி, அவ்வளவு உயரத்தில் மூச்சு வாங்கினால் யாருக்கும் கண்ணில் பூச்சி பறக்கத்தான் செய்யும்!" என்று கூறியவன் நானே. "இல்லை அண்ணா, பறக்கவில்லை; நடந்தது" என்று மட்டும் அவர் சொன்னார். மேற்கொண்டு வாதாடவில்லை.

அந்த இரு சொற்களும் வீடு திரும்பிய பின்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவன் நான். ஆயினும், ஓய்வு நேரங்களில் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். படித்ததன் பயன் இதுதான்: அவர் கண்டதில் வியப்பேதும் இல்லை, நாங்கள் நகைத்ததே அறியாமை. அதைவிட வியப்பு என்னவென்றால், இமயப் பனியில் வாழும் பூச்சிகளை முறையாக ஆராய்ந்து, அதைத் தனியொரு கல்வித் துறையாகவே வளர்த்து உலகுக்கு அளித்தவர் ஒரு தஞ்சாவூர்க்காரர்! அச்செய்திகளை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதலானேன்.

குளிரும் உயிரும்

புனேயில் மார்கழி, தை மாதங்களின் சில இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் முதற் குளிர்காலத்தில் படும் பாட்டை நாம் அறிவோம். ஆனால் நம் உடலுக்குள் ஓர் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அது 37 டிகிரி வெப்பத்தைக் காத்து நிற்கிறது. கம்பளியும் ஸ்வெட்டரும் அந்த வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

பூச்சிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இந்த அடுப்பு இல்லை. சுற்றுப்புறம் எவ்வளவு குளிர்ந்ததோ, ஏறக்குறைய அவ்வளவும் அவற்றின் உடலும் குளிர்ந்துவிடும். பூஜ்யம் டிகிரியில் நீர் உறைகிறது. உயிரணுக்களுக்குள் நீர் உறைந்தால், அந்தப் பனித்துகள்கள் ஊசிபோல் உள்ளிருந்தே அவற்றைக் கிழித்துவிடும். ஆகவே, பனிநாட்டில் பூச்சி வாழவே இயலாது என்று நாம் எண்ணுவதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் வாழ்கின்றன. வடதுருவத்தைச் சூழ்ந்து, மரமே வளராமல், பாசியும் புல்லும் குறுஞ்செடிகளும் மட்டுமே படர்ந்து கிடக்கும் பரந்த நிலத்தைத் தூந்திரப் பிரதேசம் என்பர். அங்கே நிலத்தின் அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. அதனால் கோடையில் உருகிய நீர் உள்ளே இறங்காமல் குட்டை குட்டையாகத் தேங்குகிறது. அக்குட்டைகளிலிருந்து கொசுக்கள் படைபடையாகக் கிளம்புகின்றன. கொசுத்தொல்லை கூவம் கரைக்கே உரியது என்று எண்ணியிருந்த எனக்கு இது புதிய செய்தி!

நம் நாட்டில் துருவப் பிரதேசம் இல்லை. ஆனால் அதற்கு நெருங்கிய உறவான நிலம் உண்டு. மலையில் ஏற ஏற மரங்கள் குட்டையாகி, பின்னர் அறவே நின்றுவிடும் ஓர் எல்லை வருகிறது. வடமேற்கு இமயத்தில் அந்த எல்லை ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் புல், பாறை, பனி. நம் சிங்ககட் கோட்டை சுமார் 1,300 மீட்டர் உயரமுள்ளது. மூன்று சிங்ககட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ரோதங் கணவாயின் உயரம் வரும். அப்படிப்பட்ட இடங்களிலேதான் நாம் தேடும் பூச்சிகள் வாழ்கின்றன.

தஞ்சையிலிருந்து இமயத்துக்கு

மகாதேவ சுப்பிரமணிய மணி 1908-ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் பிறந்தார். பனி என்றால் புல்நுனியில் விடியற்காலையில் நிற்கும் துளி என்று மட்டுமே அறிந்த காவிரிப் பாசன நாட்டில் பிறந்தவர், ஆக்ராவில் உள்ள செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சிப் பள்ளியொன்றை நிறுவினார். 1950-களின் நடுவில் மாணவர்களை அழைத்துக்கொண்டு வடமேற்கு இமயத்துக்கு ஆராய்ச்சிப் பயணங்களை நடத்தினார். மலையேறுவோர் சிகரத்தை நோக்கி அண்ணாந்து பார்த்துச் சென்ற பாதைகளில், இவர் குனிந்து கற்களைப் புரட்டிப் பார்த்துச் சென்றார்.

அந்த உழைப்பின் பயனாக, மரவெல்லைக்கு மேலுள்ள பூச்சி வாழ்க்கையைப் பற்றிய அவரது நூல் 1962-இல் இலண்டனில் வெளியாயிற்று. உலகின் உயர்ந்த மலைகள் அனைத்தையும் தழுவிய பெருநூல் 1968-இல் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் அச்சேறியது. உயர்மலைப் பூச்சியியல் என்னும் துறையைப் பற்றி எழுதுவோர் இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் கடந்து போவதில்லை. 94 ஆண்டுகள் வாழ்ந்து 2003-இல் அவர் மறைந்தார். சொந்த ஊரைவிட்டு வெகுதூரம் சென்று வேலை பார்த்த தமிழர்களின் வரிசையில் இவரையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

கல்லுக்கடியில் அவர் கண்டவை என்ன? மலையுச்சியில் காற்று மெலிந்திருக்கிறது. ஆதலால் காற்று சூடேறுவதில்லை. ஆனால் அதே காரணத்தால் வெயில் தடையின்றிப் பாறைமேல் விழுந்து பாறையைச் சுடவைக்கிறது. நிழலில் நீர் உறையும். இரண்டடி தள்ளி வெயிலில் கல் சுடும். இந்நிலையில் வாழும் பூச்சிகள் பெரும்பாலும் கறுத்த நிறமுடையவை. வெள்ளைச் சட்டையைவிடக் கறுப்புக் குடை வெயிலில் விரைவில் சூடாவதை நாம் அறிவோம் அல்லவா? அதே நியாயந்தான். மேலும் அவை உருவத்திற் சிறியவை. கற்களின் இடுக்கிலும் அடியிலும் ஒண்டி வாழ்பவை. இவற்றுள் பலவற்றுக்குச் சிறகே இல்லை. அல்லது பறக்கப் பயன்படாத அளவுக்குக் குறுகியுள்ளது. ஓயாது சூறைக்காற்று வீசும் இடத்தில் பறக்கத் துணிந்த பூச்சியைக் காற்று வாரிக்கொண்டு போய்ப் பனிவெளியில் எறிந்துவிடும். நடக்கத் தெரிந்ததே பிழைக்கும். "பறக்கவில்லை, நடந்தது" என்று அந்த இளைஞர் கூறிய சொல்லின் பொருள் இங்கேதான் எனக்கு விளங்கிற்று.

காற்று பரிமாறும் உணவு

செடியே முளைக்காத பனியின் ஓரத்தில் இவை எதைத் தின்று வாழ்கின்றன? இதற்கு விடை நம் சமவெளியில் இருக்கிறது. கோடையில் வட இந்தியச் சமவெளியிலிருந்து வெப்பக் காற்று மேலெழும்பி மலைச்சரிவில் ஏறுகிறது. போகும்போது வயல்களில் பிறந்த அசுவினிகளையும், சிறு ஈக்களையும், மகரந்தத் தூளையும், விதைகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. உயரத்துக் குளிரில் அப்பூச்சிகள் விறைத்துப் பனியின்மேல் மழைபோல் உதிர்கின்றன. அவை அங்கே கெடாமல், குளிர்ப்பெட்டியில் வைத்த உணவுபோல் காத்துக் கிடக்கின்றன. பனி உருகும் ஓரத்தில் கறுத்த வண்டுகளும், வாலைத் தட்டித் துள்ளும் நுண்பிராணிகளும் கூடி அந்த விருந்தை உண்கின்றன.

1924-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் இயற்கை ஆராய்ச்சியாளராகச் சென்ற ஹிங்ஸ்டன் என்னும் இராணுவ மருத்துவர், சுமார் 6,700 மீட்டர் உயரத்தில், செடியும் புல்லும் இல்லாத பாறைகளிடையே தாவிச் செல்லும் சிறு சிலந்திகளைக் கண்டெடுத்தார். அவை எதைத் தின்று பிழைக்கின்றன என்பது வெகுநாள் புதிராக இருந்தது. காற்று கொண்டுவந்து போடுவதைத் தின்னும் நுண்பிராணிகள், அவற்றைத் தின்னும் சிலந்தி என்று அப்புதிர் பின்னர் அவிழ்ந்தது. சமவெளி வயலுக்கும் எவரெஸ்ட் பாறைக்கும் இடையே இப்படியொரு கொடுக்கல் வாங்கல் நடப்பதை யார் நினைத்திருப்பார்?

உறையாத வித்தை

உணவு கிடைத்தது. குளிருக்கு என்ன வழி? பூச்சிகள் இதற்கு மூன்று வழிகளைக் கையாள்கின்றன.

முதல் வழி, உடலில் உள்ள நீரை உறையவிடாமல் காப்பது. கோடைக்காலத்தில் நம் புனே வீதிகளில் மாம்பழ ஐஸ்கிரீம் கடைகளில் பெரிய மரவாளியை வைத்துச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வாளியில் பனிக்கட்டியோடு கல் உப்பையும் போடுகிறார்கள். உப்புக் கரைந்த நீர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பின்னும் உறையாமல் நீராகவே நிற்கும். அதனால்தான் உள்ளே இருக்கும் பால் கெட்டியாகிறது. நீரில் ஏதேனும் கரைந்தால் அது உறைவதற்கு அதிகக் குளிர் வேண்டும் என்பதே இதன் உண்மை. பனிப்பூச்சிகள் பல, இலையுதிர் காலம் வந்ததும் உப்புக்குப் பதிலாகக் கிளிசரினைத் தம் குருதியில் நிரப்பிக்கொள்கின்றன. தொண்டைப் புண்ணுக்கு மருந்துக்கடையில் வாங்கும் அதே கிளிசரின்தான்! அத்துடன் வயிற்றிலுள்ள உணவையும் கழித்துவிடுகின்றன. ஏனெனில் பனித்துகள் உருவாவதற்கு ஒரு சிறு தூசு கிடைத்தாலும் போதும். அது கிடைக்காவிடில் நீர் மிகக் கடுங்குளிரிலும் உறையாமல் தாக்குப்பிடிக்கும்.

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது: உறைந்துவிடுவது! ஆனால் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீரை மட்டும் உறையவிட்டு, உள்ளே உள்ளதைக் காத்துக்கொள்வது. கல்லைப்போல் விறைத்துக் கிடந்த பூச்சி, வெயில் வந்ததும் இளகி எழுந்து இரை தேடப் புறப்படுகிறது.

மூன்றாவது வழி மிக எளியது. நாம் சற்றும் எதிர்பாராதது. பனியையே போர்வையாகப் போர்த்திக்கொள்வது. ஐஸ் வியாபாரி பனிக்கட்டியை மரத்தூளிலும் சாக்கிலும் பொதிந்து வைக்கிறார். மரத்தூளினிடையே அடைபட்ட காற்று வெப்பம் உட்புகாமல் தடுக்கிறது. புதிதாக விழுந்த பனியும் அப்படித்தான். அதில் பெரும்பகுதி அடைபட்ட காற்றே. வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரிக் குளிர் அடித்தாலும், கனத்த பனியின் அடியில் உள்ள மண் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பனி பூச்சியைக் கொல்வதில்லை, காக்கிறது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் கடைசியில் இது தேவைப்படும்.

ஏழாண்டுக் கம்பளிப்பூச்சி

தூந்திர நிலத்துப் பூச்சிகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கனடாவின் வடகோடித் தீவுகளிலும் கிரீன்லாந்திலும் ஓர் அந்துப்பூச்சி உண்டு. அதன் புழுவை நம் மொழியில் கம்பளிப்பூச்சி என்றே சொல்லலாம். நம் ஊர்க் கம்பளிப்பூச்சிக்கு அப்பெயர் அலங்காரம். அதற்கோ உண்மையிலேயே கம்பளி தேவைப்படுகிறது.

அங்கே சூரியன் மறையாத ஜூன் மாதத்தின் சில வாரங்களே அதற்கு உணவுக் காலம். அந்தச் சில வாரங்களிலும் அது தின்பதைவிட வெயில் காய்வதிலேயே அதிக நேரத்தைச் செலவிடுகிறது. உடல் சூடேறினால்தான் தின்றது செரிக்கும். பின்னர் ஒரு பட்டுக்கூட்டைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒடுங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் உறைந்து போகிறது. பூஜ்யத்துக்குக் கீழ் 60 டிகிரிக் குளிரையும் தாங்கி, அடுத்த கோடையில் இளகி எழுகிறது. இப்படி ஆண்டுக்குச் சில வாரங்களாகத் தின்று தின்று, புழு நிலையிலிருந்து சிறகு முளைத்த அந்தாக மாறுவதற்குச் சுமார் 7 ஆண்டுகள் ஆகின்றன. சிறகு முளைத்த வாழ்வோ ஒரே கோடையில் முடிந்துவிடும். பொறுமைக்கு எறும்பையும் கொக்கையும் உவமை கூறும் நாம், இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாப் பூச்சிகளும் இவ்வாறு காத்துக் கிடப்பதில்லை. உடலெங்கும் மயிரடர்ந்த பருத்த தேனீயினம் ஒன்று துருவத்திலும் இமயத்திலும் உண்டு, பம்பிள்பீ என்பர். அது சிறகை அசைக்காமலே சிறகுத் தசைகளை மட்டும் நடுங்கச் செய்து தன் உடலைச் சூடேற்றிக்கொள்கிறது. குளிரில் நம் உடல் நடுங்குவதும் வெப்பம் உண்டாக்கவே அல்லவா? இராணித் தேனீ அந்த வெப்பத்தால் தன் முட்டைகளை அடைகாக்கிறது.

மேல் நோக்கி நடக்கும் ஈ

இப்போது நம் இளைஞர் கண்ட பூச்சிக்கு வருவோம். 1984-ஆம் ஆண்டில் கோஷிமா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி, நேபாளத்தின் லாங்டாங் பகுதியிலுள்ள யாலா பனியாற்றில் தாம் கண்ட ஒரு சிறு பூச்சியைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். டயமீசா என்னும் இனத்தைச் சேர்ந்த அது, கடிக்காத கொசு வகை. அதன் சிறகுகள் குறுகிப் போனவை, பறக்க இயலாது. 5,000 மீட்டருக்கு மேலே, பனியாற்றின்மீதே அது நடந்து திரிகிறது. பூஜ்யத்துக்குக் கீழ் 16 டிகிரிக் குளிரிலும் அது நடமாடக் கண்டார். அவ்வளவு கடுங்குளிரில் சுறுசுறுப்பாக இயங்கும் பூச்சி அதற்குமுன் அறியப்படவில்லை. அதன் புழுக்கள் பனிக்கட்டியினூடே ஓடும் உருகுநீர்க் கால்களில் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று வளர்கின்றன. பிறப்பு, வளர்ப்பு, இறப்பு யாவும் பனியிலேதான்.

இதன் வாழ்க்கையில் ஒரு சங்கடம் உண்டு. உருகுநீர் கீழ்நோக்கி ஓடுகிறது. புழுக்களையும் கீழே அடித்துக்கொண்டு போகிறது. இப்படியே தலைமுறை தலைமுறையாகக் கீழிறங்கினால், ஒருநாள் பனியாறு முடியும் இடத்தில் அந்தக் குலமே முடிந்துவிடும். ஆகவே தாய்ப்பூச்சி முட்டையிடும் பருவத்தில் பனியாற்றின் மேற்புறம் நோக்கி நடக்கத் தொடங்குகிறது. சூரியன் இருக்கும் திசையை அடையாளமாகக் கொண்டு, வழி பிறழாமல் நேர்க்கோட்டில் ஏறிச் செல்கிறது. நீர் இழுத்துச் சென்ற தூரத்தை அந்தச் சிறு கால்கள் நடந்தே ஈடு செய்கின்றன. பிள்ளைகளை நல்ல இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம்; இச்செய்தியைப் படித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

லடாக்கில் நம் இளைஞர் கண்ட பூச்சி இதன் உறவினமாக இருக்கலாம். பனியோரத்து வண்டுகளில் ஒன்றாகவும் இருக்கலாம். எதுவாயினும், பனியின்மேல் பூச்சி நடக்கும் என்பதில் ஐயமில்லை.

போர்வை விலகினால்

குளிரையே வென்ற இப்பூச்சிகளுக்கு இனி என்ன பயம் என்று தோன்றலாம். உண்மையில் இவை குளிரை வெல்லவில்லை. குளிரோடு குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டன. ஆகவே இவற்றுக்குக் கேடு வெப்பத்திலிருந்தே வருகிறது. வட அமெரிக்க மலைகளில் பனியோரத்தில் வாழும் கிரில்லோபிளாட்டா என்னும் பூச்சியை நாம் அன்போடு உள்ளங்கையில் ஏந்தினாலே போதும். நம் கைச்சூடே அதன் உயிரைப் போக்கிவிடும்.

உலகம் சூடேறி வருகிறது; இமயத்தின் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. பனி குறைந்தால் இரண்டு தீங்குகள் நேரும். பனியாற்றிலேயே பிறந்து வளரும் டயமீசா போன்றவற்றுக்கு வீடே இல்லாது போகும். பனிக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகளுக்கோ போர்வை விலகிவிடும். அப்போது உலகம் வெப்பமடைந்ததால் அப்பூச்சி குளிரில் விறைத்துச் சாகும் விபரீதம் நேரும். பனியே போர்வை என்பதை நினைவில் வைக்கச் சொன்னதன் காரணம் இதுவே.

சிவாஜிநகரில் 'சிம்லா ஆபீஸ்' என்று ஓரிடத்தை நாம் நாள்தோறும் பஸ்ஸில் கடந்து போகிறோம். வானிலை இலாகாவின் தலைமை அலுவலகம் 1928-இல் சிம்லா மலையிலிருந்து புனேக்கு இறங்கி வந்ததால் அமைந்த பெயர் அது. பின்னாளில் அந்தத் தலைமையகம் டில்லிக்குப் போயிற்று. மனிதர் நினைத்தால் ஓர் இலாகாவையே மலையிலிருந்து இறக்கலாம். மறுபடியும் இடம் மாற்றலாம். பனிப்பூச்சிக்கு அந்த வசதியில்லை. கீழே இறங்கினால் வெப்பம். மேலே ஏறலாம்; ஆனால் மலைக்குச் சிகரம் என்று ஒரு முடிவு இருக்கிறது. அதற்குமேல் நடக்க வழியில்லை.

இதற்கு நம்மால் ஆவதென்ன என்று கேட்கலாம். பனியாற்றை நாம் காக்க முடியாது. ஆனால் விடுமுறைச் சலுகையில் மணாலிக்கும் லேவுக்கும் குடும்பத்தோடு செல்வோர் நம்மில் பலர். அங்கே பனியை உருட்டி விளையாடும்போது, பிள்ளைகளை அழைத்துப் பனியோரத்துக் கல்லொன்றை மெல்லப் புரட்டிக் காட்டுங்கள். கறுத்த வண்டு ஒன்று ஓடினால், அதை முதன்முதலாகப் பொருட்படுத்தி ஆராய்ந்தவர்களுள் தஞ்சாவூரில் பிறந்த ஒருவர் இருந்தார் என்று சொல்லுங்கள். பிறகு அந்தக் கல்லை முன்பிருந்தபடியே வைத்துவிடுங்கள். அது ஒரு வீட்டின் கூரை.

நம் இளைஞர் விடுமுறை முடிந்து ஜம்முவுக்கு வண்டியேறியபோது நான் நிலையத்தில்தான் பணியில் இருந்தேன். அவர் பெட்டியைத் தேடிச் சென்று, "தம்பி, நீங்கள் சொன்னது சரி; நான் சிரித்தது தவறு" என்றேன். அவர் சற்று வெட்கத்தோடு, "அடுத்த தடவை போட்டோ எடுத்து அனுப்புகிறேன் அண்ணா" என்றார். அது வந்து சேரும்போது, ஆசிரியர் இடமளித்தால், இதே பக்கத்தில் நேயர்களும் காணலாம்.